பேப்பரில் சுற்றிய மாத்திரை

தலைவலி மாத்திரையைப் பைக்கை விட்டு இறங்காமல் ரோட்டிலிருந்தே கேட்பார்கள். பெண்களுக்கான மாத்திரையைக் கேட்க வந்தவர்களோ, கடையில் இருக்கும் கடைசி ஆம்பளை போகிறவரைக்கும் எடை மெஷின் மேல் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். மருந்துக்கடைத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் இதுதான்.

நன்னிலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு கடையில் எட்டு வருஷமாக நான் பார்மசிஸ்ட். படித்தது கான்வென்ட்டில். உடம்பைப் பற்றிய பாடம் வந்தால், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சிஸ்டர் நாலு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிடுவார். கடையிலும் எனக்கு அதே பழக்கம்தான். பெண்கள் சமாச்சாரம் எதுவானாலும் பேப்பரில் இரண்டு சுற்று, அப்புறம் கறுப்பு கவர்.

முப்பத்திரண்டு வயதில் எனக்குக் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். ஐம்பதில் வரவேண்டியது ஒரே காலையில் வந்துவிட்டது. தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை போட வேண்டும், பல வருஷத்துக்கு. விட்டால் எலும்பு தேய்ந்துபோகும் என்றார் தஞ்சாவூர் டாக்டர். மாமியாரிடம் "வயிற்றில் கட்டி, எடுத்தாச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். என் மகளுக்கு நாலு வயது. அடுத்தது பையன் பிறக்க வேண்டும் என்று மாமியார் வேண்டுதல் வைத்திருக்கிறார். இந்த மாத்திரையை யாராவது பார்த்துவிட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். கவுண்டருக்கு எந்தப் பக்கம் நின்றாவது இப்படி முழித்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள் என்ற தைரியத்தில், குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலி அட்டை

ஜமீலா அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். ஒரு நாள் கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு காலி அட்டையை எடுத்து என் பக்கம் மெதுவாக நகர்த்தினார். இந்த மாத்திரையை யாரும் பேர் சொல்லிக் கேட்பதில்லை, காலி அட்டைதான் பேசும். நான் கை நீட்டுவதற்குள் சேகர் அண்ணன் எட்டி வாங்கிவிட்டார். இருபது வருஷமாக இந்தக் கவுண்டரில் நிற்பவர். படிக்காமலே பாதி மருந்து அத்துப்படி, மீதிப் பாதி ஊகம். "ஹார்மோன் மாத்திரையா? யாருக்கும்மா, மருமகளுக்கா?" என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜமீலா அக்கா "ஆமா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு மகனே கிடையாது என்று எனக்குத் தெரியும்.

ஹார்மோன் என்றாலே சேகர் அண்ணனுக்குக் கருத்தடை மாத்திரைதான். இது மாதவிலக்கு நின்ற பிறகு வரும் கொதிப்புக்கும் தூக்கமின்மைக்கும் கொடுப்பது என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். படித்தவள் சொன்னால் நம்புவார். அந்தப் பேச்சை ஆரம்பித்தால் என் முகமே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில், கீழே குனிந்து டிராயரை அடுக்கினேன். அவர் என் தலைக்கு மேல் சொன்னார்: "புருஷன் துபாயில, மாத்திரை இங்க. நமக்கெதுக்கு மேடம் வம்பு, அடுத்த சீட்டைப் பாருங்க."

மடித்த சீட்டு

என் மாத்திரையை என் கடையில் நான் வாங்கியதே இல்லை. மாதம் ஒரு நாள் ஏதாவது சாக்குச் சொல்லி லீவு போட்டுவிட்டு, திருவாரூருக்கு பஸ் ஏறிப் போய் வாங்குவேன். அங்கே வழக்கமாக இருப்பவர் ஒன்றும் கேட்கமாட்டார். ஒரு தடவை போனபோது புதுசாக ஒருவர் இருந்தார். பேரும் வயசும் தெரியாதபடி சீட்டின் மேல்பாகத்தைப் பின்னால் மடித்து நீட்டினேன். "யாருக்கு?" என்றார். "அம்மாவுக்கு" என்றேன், நானே அசந்துபோகும் வேகத்தில்.

அவர் மடிப்பைப் பிரித்தார். என் தொழிலில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். "வயசு முப்பத்திரண்டுன்னு போட்டிருக்கே?" டாக்டர் தப்பாக எழுதிவிட்டார் என்று சொன்னேன். அத்தனை பொய்யையும் அப்படியே நம்பி, அட்டையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அப்ப திருத்தி எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. வயசான அம்மா பாவம், மாறிக் கீறிப் போயிடப் போவுது."

முழங்கால் தண்ணீரில்

என்னிடம் நாலு மாத்திரை மிச்சம் இருந்த வாரம் அது. நடவுக்குப் போகும் காளியம்மா, சேலையில் சேறு காயாமல் வந்து ஒரு சீட்டைக் கொடுத்தது. சத்து டானிக்கும் தூக்க மாத்திரையும் எழுதியிருந்தார்கள். என்ன செய்கிறது என்று கேட்டேன். அது சொல்லச் சொல்ல, என் உடம்பைப் பற்றி யாரோ படித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. இதற்கு வேறு மருந்து இருக்கிறது, தஞ்சாவூரில் பெரியாஸ்பத்திரியில் கேட்டுப் பார் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் சேகர் அண்ணன் நின்றார். டானிக்கை எடுத்து வைத்தேன். அது பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னது: "முழங்கால் தண்ணியில நின்னு நாத்து நடுறேன், நெஞ்சுக்குள்ள அடுப்பு எரியுது. இது அணைக்குமா தாயி?"

இரண்டு அட்டை

எங்கள் கடையில் இந்த மாத்திரையை வாய்விட்டுக் கேட்கும் ஒரே ஆள், தாலுகா ஆபீஸ் கிளார்க் வசந்தாக்கா. "ஏம்மா, மென்சஸ் நின்னவங்க மாத்திரை வந்துச்சா?" என்றால் எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூட நிமிர்வார்; சேகர் அண்ணன் உள்ளே நழுவிவிடுவார், அட்டையை எடுத்துக் கொடுப்பது நான்தான். அவரை நம்பித்தான் தஞ்சாவூர் ஏஜென்சியிலிருந்து மாதாமாதம் வரவழைப்போம்.

அந்தச் சமயம் பார்த்து, பயிர் நிற்கிற வயலில் எரிவாயுக் குழாய் பதிக்க மெஷினை இறக்கினார்கள் என்று ஊர் ஊராகச் சனங்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் இல்லை. ஏஜென்சி வேன் எப்படியோ சந்து பொந்தில் புகுந்து ஒரே ஒரு நாள் வந்தது. பெட்டியில் இரண்டு அட்டை. எனக்கு மாத்திரை தீர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. முந்தின நாள், பாலைக் கொட்டியதற்காக மகளைக் கன்னத்தில் அறைந்திருந்தேன். அவள் அழவில்லை. குனிந்து டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இரண்டு அட்டையையும் கைப்பைக்குள் போட்டேன். பில்லை வசந்தாக்கா பேரிலேயே போட்டேன்.

"ஸ்டாக் வரலக்கா, மறியல்" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் வெயிலில் நடந்தே வந்து நடந்தே போனார். மூன்றாம் தடவை ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் குரல் டீக்கடை வரைக்கும் போகவில்லை. "ஒரு பெரியவர் பட்டாவைக் கையில வெச்சுக்கிட்டு அழுவுறாரு. எனக்கு உடம்பெல்லாம் கொதிக்குது, எழுந்து போய்யான்னு கத்திட்டேம்மா. அவரு நிலத்துல குழாய் பதிக்க நோட்டீஸ் டைப் அடிச்சதே நான்தான்."

நாலாம் தடவை

மறுபடி பஸ் விட்ட அன்றைக்கே சென்னையிலிருந்து வசந்தாக்காவின் மகள் வந்துவிட்டாள், மூன்று அட்டையோடு. வசந்தாக்கா அதில் ஒன்றைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். "இது இங்க இருக்கட்டும். எவளாவது காலி அட்டையோட வந்து முழிச்சா குடு" என்றார். கடையில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். "ரெண்டு அட்டை வந்துச்சுக்கா. நான் எடுத்துக்கிட்டேன். எனக்குத்தான்" என்றேன். ஆபரேஷனையும் சொன்னேன்.

 அவர் கொண்டுவந்த அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். கவுண்டரிலேயே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, படியில் நின்று கேட்டார்: "ரெண்டையுமா எடுத்தே? ஆளுக்கு ஒண்ணுன்னு சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

நம்ம ரெண்டு பேரும்

அடுத்த மாதம் சாயங்காலம் கடை நிறையக் கூட்டம். வசந்தாக்கா என்னை மன்னித்திருந்தார், குரலைத்தான் குறைக்கவில்லை. "ஏம்மா, நம்ம ரெண்டு பேரு மாத்திரையும் வந்துச்சா?" என்று வாசலிலிருந்தே கேட்டார். சேகர் அண்ணன் கை அந்தரத்தில் நின்றது. அவர் வீடு எங்கள் தெருவில்தான். அவர் மனைவியும் என் மாமியாரும் வெள்ளிக்கிழமை ஒன்றாகக் கோயிலுக்குப் போகிறவர்கள்.

கூட்டம் கலைந்ததும், "எனக்குத்தான் அண்ணே. ஜமீலா அக்காவுக்கும் இதேதான், நீங்க நினைச்ச மாத்திரை இல்ல. அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றேன். அவர் ரொம்ப நேரம் கிரைப் வாட்டர் பாட்டில்களை நேராக்கிக்கொண்டிருந்தார். பிறகு என் அட்டையை எடுத்துப் பேப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "வீட்ல கேட்டா கால்சியம்னு சொல்லிக்குங்க மேடம். நானும் அப்படியே சொல்லிடறேன்."

எட்டு வருஷமாக ஊர்ப் பெண்களின் மருந்தையெல்லாம் சுற்றிச் சுற்றிக் கொடுத்த நான், என் முறை வந்தபோது பேப்பர் வேண்டாம் என்று சொல்லாமல், மேலே ஒரு ரப்பர் பேண்டும் போடச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.