டாக்டர் கோமதியின் புதன்கிழமை வகுப்பு

கடையத்தில் என் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குற்றாலத்திலிருந்து டாக்டர் கோமதியின் மகன் அழைத்தான். "அம்மா போயிட்டாங்க மாமா" என்றான். வெளியே வயதானவர்கள் பலர் காத்திருந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. எல்லோரையும் பார்த்துவிட்டே கிளம்பினேன். கோமதியாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

தென்காசியில் நெடுங்காலம் மருத்துவம் பார்த்த அவர், ஓய்வெடுக்க வேண்டிய வயதில் புதிய வேலையொன்றைத் தொடங்கினார். முதியவர்களின் ஊட்டச்சத்துக் குறைவை எப்படிக் கண்டறிவது, எப்படிச் சரிசெய்வது என்று எங்களைப் போன்ற குடும்ப மருத்துவர்களுக்குப் புதன்கிழமைதோறும் இணையவழி வகுப்பு. எங்களில் பலர் அவரைத் திரையில் மட்டுமே பார்த்தவர்கள். சாரல் காலத்தில் அவருடைய குற்றாலத்து வீட்டில் சிக்னல் கிடைக்காது. காரைத் தென்காசிச் சாலையோரம் நிறுத்தி, உள்ளிருந்தே நடத்துவார்.

"வயசானா மெலியத்தானே மேடம் செய்வாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"நரை வயசால வரும் டாக்டர். சட்டை தொளதொளன்னு ஆனா, ஏன்னு நாமதான் கேக்கணும்."

இலத்தூரில் என் நோயாளி ஒருவர், சர்க்கரை நோயுள்ள ஓய்வுபெற்ற போலீஸ்காரர், மெலிந்துகொண்டே போனார். ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ அதற்குக் காரணம் தெரியவில்லை. மருமகள் சோறு போடுவதில்லை என்று அவருடைய மகள்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். அந்தப் பெண் வெளியே தலைகாட்டுவதையே விட்டுவிட்டாள். எல்லோருடைய சம்மதத்தோடும் அவரை வகுப்பில் காட்டினேன். மருமகளும் மகள்களும் என் கிளினிக்குக்கு வந்திருந்தார்கள்.

"நல்லாத்தான் சாப்பிடுதேன்" என்று சாதித்தார் அவர்.

"அண்ணாச்சி, பல்செட்டக் கழட்டிட்டு வாயத் திறங்க" என்றார் கோமதி.

ஈறெல்லாம் புண். போதாததற்கு, சர்க்கரை ஏறிவிடுமென்று பாலையும் பழத்தையும் அவராகவே நிறுத்தியிருந்தார்.

"வலிக்குன்னு ஏன் சொல்லல?"

அவர் மருமகளைக் காட்டினார். "சொன்னா இந்தப் புள்ள எனக்குன்னு தனியாச் சமைக்கும். ஏற்கெனவே ஓஞ்சு போயிருக்கா."

"கேட்டீங்களாம்மா?" என்று கோமதி மகள்களைப் பார்த்தார். "உங்க மதினி மேல ஒரு குத்தமும் இல்ல."

மருமகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். புதுப் பல்செட் வரும்வரை குழைந்த சோறும் பருப்பும் முட்டையும் தயிரும் கொடுக்கச் சொன்னோம். பசியைக் குறைக்கும் சர்க்கரை மாத்திரையையும் மாற்றினோம். மெல்ல மெல்ல எடை ஏறியது. மூத்த மகள் தானாகவே மதினியைப் பார்க்க வந்தாள்.

பிறகு கோமதிக்கே கணையத்தில் புற்றுநோய் வந்தது. கடைசியாக நான் பார்க்கப் போனபோது, மகன் கஞ்சிக் கிண்ணத்துடன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"ஏலே, உங்கம்மா பட்டினி கெடக்கல. உடம்பு போதும்னு சொல்லுது. அத வச்சிட்டுப் பக்கத்துல உக்காரு" என்றார். பிறகு என்னிடம், "இதையும் ஒரு வகுப்பா எடுக்கணும் அண்ணாச்சி. நீங்க எடுங்க."

எடுத்தேன். அவர் எனக்கு விட்டுச்சென்றவை இரண்டு: சாப்பிட வைக்க வழி இருக்கும்வரை விடாமல் காரணம் தேடுவது, வழி இல்லாதபோது அதை வீட்டாரிடம் கனிவாகச் சொல்வது. முதலாவது எனக்குப் பழகிவிட்டது. இரண்டாவதைப் போன வாரம், சாகக் கிடந்த தாயின் வாயருகே கரண்டியை நீட்டி நின்ற ஒரு மகளிடம் சொன்னேன். அது எனக்கு இன்னும் பழகவில்லை. அவள் என்னையே பார்த்தாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, அம்மாவின் தலையைக் கோதத் தொடங்கினாள்.