புது இன்ஜினுக்குப் பழைய கார்புரேட்டர்

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னதாக ஆகிவிடக்கூடாது. ஒரு சின்ன மோட்டாருக்கு இருக்கிற இன்ஜினையே தேற்றுவதா, தூக்கி எறிந்துவிட்டு வேறு போடுவதா என்று காஞ்சிபுரத்தில் பாதிப் பேரிடம் யோசனை கேட்டு அலைந்தவன் நான். சாயப்பட்டறைக்காரரைக் கேட்டேன், ஜரிகை வியாபாரியைக் கேட்டேன், கோயில் வாசலில் பூ விற்றவரைக்கூடக் கேட்டேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் மோட்டாரில் ஏறியதே இல்லை. வாராவாரம் அதில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒருத்தியை மட்டும் கேட்கவில்லை. அவள் என் மனைவி.

மோட்டார், ஊரைவிட்டுப் போன ஒரு டாக்டரிடம் அண்ணன் வாங்கியது. கித்தான் கூரை, இரண்டு வரிசை இருக்கை, நாலு சக்கரம் என்று பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் என் தோள்பட்டைதான் முதலில் ஸ்டார்ட் ஆகும். வீட்டில் அதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அண்ணன் பட்டு வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டார். வியாபாரத்தை என்னிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் மோட்டாரைக் கொடுத்தார்.

திங்கட்கிழமைதோறும் நான் மாகறலுக்குப் போவேன். அந்தப் பக்கத்துத் தறிகளுக்குப் பட்டு நூலைக் கொடுத்துவிட்டு, நெய்து முடித்த சேலைகளை வாங்கி வர வேண்டும். மாகறல் என் மனைவியின் ஊர். அங்கே சிவன் கோயிலில் சோமவாரம் விசேஷம் என்பதால் அவளும் கூட வருவாள். கோயில் என்று சொன்னால் எங்கள் அம்மா மறுக்க மாட்டாள். பின் இருக்கை முழுக்க நூல் மூட்டைகள் ஏறிவிடும். வேறு யாரும் துணைக்கு வருகிறேன் என்று சொல்ல அங்கே இடம் இல்லை. மூட்டைகளை அப்படிப் பரப்பி வைப்பது என் கைவண்ணம். அடுக்கி வைத்தால் இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

அவளுடைய அப்பா மாகறலில் தனியாக இருந்தார். பாவு என்கிற நெடுக்கு இழைகளை இணைப்பது அவர் தொழில். தறியில் ஒரு பாவு நெய்து தீரும்போது அதை அடியோடு அறுத்து எடுத்துவிட மாட்டோம். பழைய இழைகளின் நுனியைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு மாமனார் அதைச் செய்வதைப் பார்த்தால், சேர்க்கிறாரா, சும்மா தடவிக் கொடுக்கிறாரா என்று சந்தேகம் வரும். பழையது கொஞ்சம் இல்லாமல் புதியதை ஏற்றக்கூடாது என்பது எங்கள் தறிக்காரர்களுக்கு ஒரு விரதம் மாதிரி.

இனி ஆறு. ஓரிக்கையைத் தாண்டினால் பாலாறு. நாங்கள் கடக்கிற இடத்தில் பாலம் கிடையாது. மழைக்காலம் போக மற்ற நாளில் அகலமாக மணல்தான், நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். மணலில் பாதி தூரம் போனதும் எங்கள் இன்ஜின் இரண்டு தரம் இருமும். மூன்றாவது இருமலில் அடங்கிவிடும். ஓரிக்கைக் கரையில் ஒருவர் ஏர் மாடு வைத்திருந்தார். அவர் வந்து இழுத்துவிட்டால்தான் அக்கரை. ஆனால் அவர் அந்த மாடுகளைப் பூட்டிக் கிணற்றில் கவலை ஏற்றம் இறைத்துக்கொண்டிருப்பார். நான் போய்க் கூப்பிட்டால், இந்தப் பாத்தி பாய்ந்ததும் வருகிறேன் என்பார். நான் திரும்பி வந்து மோட்டார்ப் படியில் உட்காருவேன். அவளும் உட்காருவாள். அதுதான் நாங்கள் இரண்டு பேரும் பேசுகிற நேரம்.

இதைச் சிரிக்காமல் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா, அத்தை, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், தறியில் ஆட்கள். பகலில் புருஷனும் பெண்சாதியும் நின்று பேசினால் அத்தை இருமுவாள். ராத்திரியில் நான் குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொன்னால், பக்கத்து அறையில் அண்ணனின் குறட்டை சட்டென்று நின்றுவிடும். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் மனைவிக்கு வெள்ளரிப்பிஞ்சு பிடிக்கும் என்பதையே பாலாற்று மணலில்தான் தெரிந்துகொண்டேன். மணலில் கொடி போட்டிருந்தவரிடம் வாங்கி ஆளுக்குப் பாதி தின்போம். வாயாடி என்று ஊரில் பேர் எடுத்தவன் நான். அங்கே அவள் பேசுவாள், நான் கேட்பேன்.

ஒரு திங்கட்கிழமை அவள் வெள்ளரியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கடிக்கவில்லை. "உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். அப்பா விஷயமா" என்றாள்.

அதற்குள் மாட்டுக்காரர் மாடுகளை அதட்டிக்கொண்டே வந்துவிட்டார். அன்றைக்கு என்று பார்த்து அவருக்குப் பாத்தி சீக்கிரம் பாய்ந்துவிட்டது. மாடுகள் வெடுக்கென்று இழுத்ததில் ஒரு நூல் மூட்டை சரிந்து தண்ணீரில் விழுந்தது. அரக்குச் சாயம் வாய்க்காலில் கரைந்து போவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் கேட்க வந்ததும் அதோடு போய்விட்டது.

அண்ணன் மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மோட்டாரை அன்றைக்கே பட்டறைக்கு ஓட்டச் சொன்னார்.

பட்டறை பாய் முன்பு கியாஸ் விளக்கும் தையல் மெஷினும் பழுது பார்த்தவர். மோட்டார் வந்ததும் அதையும் சேர்த்துக்கொண்டார். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். சிலிண்டரைக் கடைசல் பிடித்துப் பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போட்டால் இதே இன்ஜின் கொஞ்சம் தெம்பாகும். இல்லையென்றால், ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் புளியமரத்தில் மோதி உருக்குலைந்த ஒரு பெரிய மோட்டாரின் இன்ஜின் அவரிடம் முழுசாக இருந்தது. அதைத் தூக்கி வைக்கலாம்.

"கடைசல் புடிச்சா மணல்ல இழுக்குமா?" என்று அண்ணன் கேட்டார்.

"அது அல்லாவுக்குத்தான் தெரியும், மொதலாளி. பெரிசு போட்டா பாலாறு இன்னா, சமுத்திரத்துலயே போவலாம்."

கடைசலே போதும், சின்ன வண்டிக்குச் சின்ன இன்ஜின்தான் அழகு, பெரியது பெட்ரோல் குடிக்கும், அச்சு முறியும் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் அடுக்கினேன். ஊரில் யோசனை கேட்கப் புறப்பட்டதும் அப்போதுதான். கடைசலுக்கு ஆள் சேர்க்கத்தான் அலைந்தேன். பூ விற்றவர் ஒருவர்தான் என் பக்கம் பேசினார். அவருக்கும் நான் என்ன கேட்டேன் என்று புரிந்ததாகத் தெரியவில்லை.

"உனுக்கு இன்னாடா வந்துது?" என்றார் அண்ணன். "வாரா வாரம் மாட்டைக் கட்டி இஸ்துக்கினு போறியே, வெக்கமா இல்ல?"

மோட்டார் நின்றால்தான் என் பெண்சாதியோடு பேச முடிகிறது அண்ணா என்று சொல்லவா? பெரிய இன்ஜின் என்று முடிவாகிவிட்டது.

பட்டறையில் வேலை நடந்த வாரங்களில் மாகறல் போக்கு நின்றது. நூல் மூட்டைகள் வாடகைக் கட்டைவண்டியில் போயின. என் மனைவி சமையலறையில் இருந்தாள், நான் கூடத்தில் இருந்தேன். அப்பா விஷயம் என்ன என்று கேட்க நான் தண்ணீர் குடிக்கப் போகாத நேரம் இல்லை. அத்தை இருமாத நேரமும் இல்லை. கடைசியில் அம்மா, பிள்ளைக்கு இவ்வளவு தாகம் எடுக்கிறதே, நீர்க்கடுப்போ என்று சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். குடித்தேன்.

அந்தச் சீரகத் தண்ணீர் செய்த வேலையோ என்னவோ, எனக்கு ஒரு புத்தி உதித்தது. பட்டறையில் அண்ணன் இருக்கும்போது பேச்சை எடுத்தேன். நம் வீட்டில் பழைய நுனி இல்லாமல் புதுப் பாவு ஏற்றியதுண்டா, பழைய இன்ஜினை அடியோடு எடுத்துவிட்டு மொட்டையாகப் புதியதை வைக்கிறோமே என்று மெதுவாகச் சொன்னேன். சொன்னதில் பாதி தந்திரம். பாதி, நிஜமாகவே நான் நம்பியது. எந்தப் பாதி பெரிது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அண்ணன் முகம் மாறிவிட்டது. கணக்கு வழக்கில் யாருக்கும் மசியாதவர், தறி சாங்கியம் என்றால் கை கட்டி நிற்பார். "அவன் சொல்றதும் சரிதான் பாய். பழசுல ஏதாச்சும் ஒண்ணு அதுல இருக்கட்டும்" என்றார்.

எது என்று பாய் கேட்டார். நான் கார்புரேட்டரைக் காட்டினேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற பித்தளைச் சாமான் அது. உள்ளங்கையில் அடங்கும்.

"இதுவா?" என்றார் பாய். "யானைக்குக் கொழந்தைப் பாலாடையில பால் ஊத்தற கதை, மொதலாளி. ரெண்டு ஆணி, ஒரு மூடின்னு வேற ஏதாச்சும் கேளுங்க, வெக்கிறேன்."

அண்ணன் அசையவில்லை. ஆணியில் என்ன இருக்கிறது, ஊட்டுகிறதுதான் முக்கியம் என்றுவிட்டார். பாய் தலையில் அடித்துக்கொண்டு அதையே மாட்டினார்.

இன்ஜின் பெரிது, மோட்டார் சின்னது. மூடி மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டினார்கள். தவளை தொண்டையை உப்பிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. ராஜ வீதியை ஒரு சுற்று சுற்றினேன். சமதரையில் மெதுவாகப் போகிறவரை ஒரு குறையும் இல்லை. ஜனங்கள் வழிவிட்டார்கள். ஒரு பெரியவர் கும்பிடக்கூடச் செய்தார். அப்போது இன்னொரு மடத்தனம் செய்தேன். எனக்கே பெருமை வந்துவிட்டது. இதே மாதிரி பாலாற்றையும் தாண்டிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். மாமனார் ஊருக்குள் மாட்டின் உதவி இல்லாமல் நுழைகிற என்னையே மனசுக்குள் பார்த்துக்கொண்டேன். பேச்சு, வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் மறந்துபோயிற்று.

திங்கட்கிழமை புறப்பட்டோம். ஓரிக்கைவரை இன்ஜின் சத்தம்தான். பேசினாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. கரையிலிருந்து இறங்கி மணலில் விட்டேன். பெரிய இன்ஜின் ஒரு முழக்கம் முழங்கியது. வழக்கமாக நிற்கிற இடம்வரைகூடப் போகவில்லை. பாலாடைப் பால் போதாமல் யானை படுத்துவிட்டது. இன்ஜின் கனத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் அச்சுவரை மணலில் புதைந்தன.

சத்தம் அடங்கியதும் தண்ணீர் ஓடுகிற ஓசை கேட்டது.

நான் இறங்கிச் சுற்றிவந்து பார்த்தேன். அவளும் இறங்கினாள். மோட்டார்ப் படி மணலோடு மணலாக இருந்தது. அதிலேயே உட்கார்ந்தாள், பக்கத்தில் நானும். நான் கேட்பதற்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள். இத்தனை வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள் போல. நிறுத்தாமல் வந்தது.

அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. போன மாதம் கிணற்றடியில் விழுந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. விரல் பழக்கத்தில் பாவு சேர்க்கிறார். இழை மாறிப்போகிறது. அவர் வீட்டுக்குப் போன பிறகு தறிக்காரர்கள் பிரித்து மறுபடி சேர்க்கிறார்கள். அவர் மனம் நோகக்கூடாது என்று ஒருவரும் சொல்வதில்லை. இவள் பார்த்துவிட்டாள்.

நம் வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாமே என்றேன். பெண் கொடுத்த வீட்டில் அவர் வந்து உட்கார்ந்து சாப்பிட மாட்டார் என்று எனக்கும் தெரியும். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"சோத்துக்குன்னா வரமாட்டாரு" என்றாள். "உங்க அண்ணன் வேலைக்குக் கூப்புட்டா வருவாரு. நம்ம தறிக்குப் பாவு சேக்க ஆள் வேணும்னு சொல்லச் சொல்லுங்க. பிசகினா நான் அவருக்குத் தெரியாம பிரிச்சிச் சேத்துடறேன். எனக்கு அந்த வேலை தெரியும். அவருதான் சொல்லிக் குடுத்தாரு."

அண்ணனிடம் வியாபார விஷயமாக ஒரு வார்த்தை பேச நான் அதுவரை தைரியம் கொண்டதில்லை. இன்றைக்கு வீடு திரும்பியதும் பேசுகிறேன், அவர் சரி என்கிறவரை சோற்றில் கை வைக்க மாட்டேன் என்றேன். பட்டினியில் என் வீரம் எவ்வளவு என்று அறிந்தவள் அவள். ஆனாலும் தலையை ஆட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரியாதபோது வாயைத் திறப்பது என் வழக்கம். கார்புரேட்டர் கதையைச் சொன்னேன். தறி சாங்கியம், பாய் தலையில் அடித்துக்கொண்டது, அம்மாவின் சீரகத் தண்ணீர், ஒன்றையும் விடவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினேன். மாட்டுக்காரரைக் கூப்பிட்டு வருகிறேன் என்றேன்.

"இப்ப இன்னா அவசரம்" என்றாள்.