இரண்டாவது ராணி

வேங்கிக்காலுக்குக் கலெக்டர் ஆபீஸ் வந்தது. பின்னாலேயே புது வீடுகள் வந்தன. அந்த வீடுகளோடு பிள்ளைகளை எதிலாவது சேர்த்துவிடும் வியாதியும் வந்தது. அந்த வியாதியை வைத்துப் பிழைத்தவன் நான். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தில் சைக்கிள் நுழையாது. மற்ற நாளெல்லாம் வீடு வீடாகப் போய்ச் செஸ் சொல்லிக்கொடுப்பேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என்ன படித்திருக்கிறீர்கள் என்று எந்த அதிகாரியாவது கேட்டுவிடுவாரோ என்று ஒவ்வொரு வாசலிலும் பயந்துகொண்டேதான் செருப்பைக் கழற்றுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அதிகாரி, என் வகுப்பைப் பரிசோதிப்பதற்காகத் தன் மகளோடு ஆட உட்கார்ந்தார். அக்கம்பக்கத்து அப்பாக்களும் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். இவருக்குத் திருப்தி இல்லையென்றால் அந்தத் தெருவே என்னை நிறுத்திவிடும். மூன்றாவது படிக்கும் அந்தப் பெண்ணோ சிப்பாயைக் கடைசிக்கு முந்தின கட்டம்வரை தள்ளிவிட்டு, "அடுத்து இது ராணி ஆயிடும்ப்பா" என்றாள்.

"ஒரு ராணி உயிரோட இருக்கறப்ப ரெண்டாவது எப்படி வரும்? என்னா மாஸ்டர், இதான் சொல்லித் தர்றீங்களா?"

"ரூல் அப்படித்தான் சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார்: "நாம ரெண்டாவது கட்டினா சஸ்பென்ஷன் சார். ராஜாவுக்கு மட்டும் என்னா சலுகை?"

சமையலறையிலிருந்து அதிகாரியின் மனைவி குரல் கொடுத்தார்: "முருகனுக்கே ரெண்டு பேருங்க. அவரை சஸ்பெண்ட் பண்ணுங்க பாக்கலாம்."

முருகனை விட்டுவிட்டு ராஜாவின் மேல் மட்டும் நடவடிக்கை என்று முடிவானது. பலகையில் முதல் ராணி இருக்கும்வரை இரண்டாவது கிடையாது. உலகம் பூராவும் ஆடுகிற ஆட்டத்தைக் காபி ஆறுவதற்குள் கைதூக்கித் திருத்திவிட்டார்கள். என்னையும் பார்த்தார்கள். மூக்கைச் சொறிவதுபோல் பாதிக் கையைத் தூக்கி வைத்தேன்.

அதிகாரி தன் முறைக்கு ஒரு காயை நகர்த்தினார். அந்தப் பெண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் ராணியை எடுத்து, கடைசி வரிசையைக் காத்துக்கொண்டிருந்த அப்பாவின் யானைக்கு நேரே வைத்தாள்.

"ராணியப் போயி சும்மா குடுக்குது பாரு" என்று சிரித்தபடி அவர் வெட்டினார். வெட்டப்போன யானை காவலை விட்டு இறங்கியது. சிப்பாய் ஒரு கட்டம் ஏறியது.

"இப்ப ஒண்ணுதானேப்பா? இது ராணி. செக்மேட்."

அவர் என் பக்கம் திரும்பினார். "இந்த வேலைய யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீங்க போட்ட ரூல்தான் சார்." பயத்தில் உண்மை வாயைவிட்டு வந்துவிட்டது. சைக்கிள் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.

அவர் பலகையை இன்னொரு முறை பார்த்தார். முகம் தெளிந்தது. அப்பாக்களைப் பார்த்துச் சொன்னார்: "அதுக்குத்தான் அந்த ரூலையே போட்டேன். இல்லாட்டி அவ இவ்ளோ யோசிச்சிருப்பாளா?"

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அடுத்த வாரமும் வாங்க மாஸ்டர். நீங்க காயை அடுக்கி வைங்க, மேல்பார்வை நான் பாத்துக்கறேன்."