மண்டோர் நடந்து வந்த சனிக்கிழமை

உறைந்த ரப்பர் பாலின் புளித்த வாடை தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தின்மேல் எந்நேரமும் கவிந்திருக்கும். அதனூடே மண்டோரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், வாசலில் விளையாடும் நாங்கள் உள்ளே ஓடிவிடுவோம். சிரம்பானுக்கு வெளியே இருந்த அந்தத் தோட்டத்தில், பால்வெட்டுக்காரர்களை வேலை வாங்கிய மண்டோர் வீட்டு வாசலுக்கு வர மூன்றே காரணங்கள் உண்டு: வெட்டும் மர வரிசையான "நிரை"யை மாற்ற, வேலையை நிறுத்த, வீட்டைக் காலி செய்யச் சொல்ல. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை பிற்பகலில், அவர் மோட்டார் இல்லாமல் வெள்ளைச் சட்டையில் நடந்து வந்தார்.

முதல் வீட்டு மாரியக்கா அவர் வாயைத் திறக்கும் முன்பே சட்டிபானைகளைச் சாக்கில் போடத் தொடங்கிவிட்டார்.

"அக்கா, மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்" என்றார் மண்டோர்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "மன்னிப்பு கேட்டுட்டுத்தான்லா வெளிய தள்ளுவானுங்க. நீ மூட்டையக் கட்டுடி!"

சிரம்பானில் நடந்த ஜெபக்கூட்டத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார் என்ற செய்தி, அவர் மூன்றாம் வீட்டைக் கடப்பதற்குள் லயம் முழுவதும் பரவியது. யாரும் நம்பவில்லை. எங்களுடையது ஏழாம் வீடு. கதவிடுக்கில் நின்று ஒவ்வொரு வாசலாக எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை ஏற ஏறக் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினேன்.

எங்கள் வீட்டில் அவர் எதற்கு மன்னிப்பு கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த அம்மா சமதரையில் வேலை கேட்டபோது, "நடந்தாத்தான் சுகப்பிரசவம் ஆகும்" என்று சிரித்துவிட்டு மலைச்சரிவு நிரைக்கு அனுப்பியவர் இவர்தான். பால் வாளிகளோடு அம்மா சறுக்கி விழுந்தார். பிறந்த தம்பி அழவே இல்லை. அப்பா அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. தோட்டத்து ஜெபவீட்டில் ஞாயிறுதோறும் குரல் பிசகாமல் வேதம் வாசித்தார். ஆனால் மண்டோரின் மோட்டார் சத்தம் கேட்கும் போதெல்லாம் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போய்விடுவார். அன்றும் கத்தி அவர் கையில் இருந்தது.

"அண்ணே..." என்று எங்கள் வாசலில் நின்று மண்டோர் தொடங்கினார்.

"பேசாத." அப்பாவின் விரல்கள் கத்திப்பிடியில் வெளுத்திருந்தன.

அம்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "யாருகிட்ட கேக்குறீங்க மண்டோரே? சுமந்தவ நானு. என்கிட்ட கேளுங்க."

"தப்புப் பண்ணிட்டேன்மா. மன்னிச்சிரு."

அம்மா சொன்னார்: "மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரல. வாயால மட்டும் சொன்னா பொய்யாப் போயிரும். வந்தா சொல்லி அனுப்புறேன்."

மண்டோர் தலையாட்டிவிட்டு எட்டாம் வீட்டுக்குப் போனார்.

அதன்பின் மாதந்தோறும் சபைப் போதகரான ஐயர் அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுக்க வரும்போது, மன்னிக்காத மனதோடு அதை வாங்கக் கூடாது என்று அம்மா எழுந்து முன்னே போகவில்லை. "இவளுக்கு எவ்வளவு வீம்பு பாரு" என்று பெண்கள் முணுமுணுத்தனர். அப்பா மட்டும் தவறாமல் போய் வாங்கி வந்தார். கடைசிப் பெஞ்சில் மண்டோர் தனியாக உட்கார்ந்திருப்பார். அவர் வேலையிடத்தில் கத்துவதை நிறுத்தியிருந்தார். கணக்கெழுதும் அலுவலகக் கிராணி அவரை "சாமியாரே" என்று கேலி செய்தார். பழைய மண்டோர் எந்த நாளும் திரும்பி வரலாம் என்று லயமே காத்திருந்தது. நான் பயந்தது அவருக்கல்ல, வீட்டுக்குள் வளர்ந்துகொண்டிருந்த அப்பாவின் மௌனத்துக்கு.

அடுத்த ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலை, "மண்டோரக் கூட்டிட்டு வா" என்று அம்மா என்னை அனுப்பினார். மண்டோர் வந்து வாசலிலேயே நின்றார். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வந்துருச்சு. இனிமே நிம்மதியா இருங்க."

அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். அப்பா பின்கதவு வழியாக வெளியேறினார். இருட்டும்வரை விறகு பிளக்கும் சத்தம் கேட்டது.

பல ஆண்டுகள் ஆகிவிட்டன; தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. லயம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். ஜெபவீடு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. சிரம்பான் பக்கத்துப் பாரோயில் அம்மாவும் அப்பாவும் என்னோடு இருக்கிறார்கள். அம்மா இறந்துபோன தம்பியைப் பற்றி இப்போது குரல் நடுங்காமல் பேசுகிறார். சென்ற மாதம் மண்டோர் இறந்த செய்தி வந்தது. அம்மா அவருக்காக ஜெபித்தார். அப்பா என்னிடம் சொன்னார்: "நானும் மன்னிச்சிட்டேன்னு ஒரு நாளு சொல்லிரலாம்னு இருந்தேன்லா. ஆளு போயிட்டான்."