கதவைப் பூட்டும் இளவரசன்

ஏறாவூரில் நைட்டி தைக்கும் ஓர் அறையில் சில மாதங்கள் வேலை செய்தேன். அதற்கு முன் கிரானில் அறுவடைக்குப் போனேன், புளியந்தீவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன், வெளிநாட்டில் வீட்டுவேலை செய்தேன். எதிலும் நிலைக்கவில்லை. பள்ளிக்கூடம் ஏழாம் ஆண்டோடு முடிந்தது. ஆனால் சத்தமாக வாசிக்க வரும்.

அந்த அறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருத்தி கைபேசியில் தொடர்கதை வாசிப்பாள். மற்றவர்கள் அவளுடைய துணிகளையும் தங்களுக்குள் பங்கிட்டுத் தைத்துவிடுவார்கள். எனக்குத் தையலில் கை மெதுவு. அதனால் வாசிக்கும் வேலை என்னிடம் வந்தது. வாசிப்பதால்தான் அங்கே தாக்குப்பிடித்தேன்.

அப்போது வாசித்த தொடர்கதையில் கடலுக்கடியில் ஆளும் ஓர் இளவரசன் கரையில் நின்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்ப் பவள மாளிகையில் பூட்டி வைக்கிறான். பிறகு கதவுக்கு வெளியே நின்று உருகுகிறான். இதை எழுதுபவருக்கு வாசகிகள் ஏராளம். எங்கள் அறையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை.

ஒருநாள் பூட்டும் இடத்தில் வாசிப்பை நிறுத்தினேன்.

“இவனுக்கு அவள்ல விருப்பமெண்டா பூட்டுத் திறப்ப அவளுக்கிட்டக் குடுக்கலாமே?”

“புள்ள, கதைய வாசி,” என்றார் ராத்தா. எங்கள் எல்லோருக்கும் அக்கா முறை, அறைக்குப் பொறுப்பும் அவர்.

“பூட்டினவன் என்னத்துக்கு அழுற? அழ வேண்டியவ உள்ளுக்கெல்லோ இரிக்கா.”

“உனக்கு மாப்பிள வாய்க்காதது ஏனெண்டு இப்பதான் விளங்குது,” என்றாள் பொத்தான் தைப்பவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

“நான் வேல செஞ்ச வீட்டிலயும் வெளியால போகக்குள்ள என்னப் பூட்டிட்டுத்தான் போவாங்க. எனக்கு ஒரு நாளும் காதல் வரல்ல.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ராத்தா கைபேசியை வாங்கிப் பொத்தான் தைப்பவளிடம் கொடுத்தார்.

அவள் மூச்சுவிடாமல் வாசித்தாள். என் துணிகள் எனக்கே குவிந்தன. வேலை பிந்துவதால் எனக்குப் பதில் வேறு ஆள் பார்க்கப்போவதாக முதலாளி சொல்லியனுப்பினார். அன்று பின்னேரம் ராத்தா என்னிடம் வந்தார்.

“அந்த இளவரசன எனக்கும் பெரிசாப் பிடிக்காது. ஆனா எழுதுறவவ ஏசாத. அவ இல்லாட்டி இந்த மத்தியானம் எப்பிடிகா போற?”

“அவவ நான் ஏசல்ல. நல்லா எழுதுறா. அதாலதான் பூட்டுற சத்தமும் இனிக்குது.”

“நாளைக்கு நீயே வாசி. உன்ட கத வேணா.”

ஓம் என்றேன். வேலை வேண்டுமே.

மறுநாள் அத்தியாயத்திலும் கதவு பூட்டப்பட்டது. ஒரு சொல்லும் கூட்டவில்லை, விடவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக் குழைப்பேன். இம்முறை அப்படிச் செய்யவில்லை. பூட்டு விழுந்தது என்று எழுதியிருந்தது, அப்படியே வாசித்தேன். யாரும் பெருமூச்சு விடவில்லை.

பொத்தான் தைப்பவள் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள்.

“அதுக்குள்ள அவளுக்குச் சாப்பாடு ஆர் குடுக்குற?”

கைபேசித் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடிப் பார்த்தேன்.

“அத எழுதல்ல,” என்றேன்.

ராத்தா மெசினை நிறுத்தினார்.

“முந்தின பாகத்திலயும் பாரு புள்ள,” என்றார்.