எச்சிலில் எழுதியிருக்கிறதாம்

என் தம்பிக்கு எங்கள் தெரு வைத்த பெயர் எலி டாக்டர். எந்தப் பிராணி ஒரே ஜோடியோடு வாழ்கிறது, எது வாழவில்லை, ஏன் என்று ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளை வைத்துப் பார்ப்பது அவன் வேலை. நான் எட்டாவதோடு நின்றவள். அவனைப் படிக்க வைத்தது என் தையல் மெஷின். அவன் எழுதிய கட்டுரை பெரிய பத்திரிகையில் வந்தபோது, ஒரு வரியும் புரியாமலே சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன்.

அவன் தொழிலை எனக்கு விளக்கியதும் அவன்தான். நான் பட்டன் தைக்க, எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பான். புல்வெளியில் ஒரு வகை வயலெலி உண்டாம். ஆண் ஒருத்தியோடு சேர்ந்தால் அவளோடே கூட்டில் தங்கும், குட்டிகளை நக்கிக் கொடுக்கும். மலையில் இருக்கும் அதன் பங்காளியோ காரியம் முடிந்ததும் திரும்பிப் பார்க்காது. சுரப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். மூளை அதை எந்த இடத்தில் வாங்கிக்கொள்கிறது என்பதில் வித்தியாசம். அதில் ஒரு மரபணுவுக்குப் பங்கு உண்டாம்; அதை ஒட்டிய ஒரு துணுக்கு நீளமாக இருந்தால் ஜோடியோடு தங்குமாம், குட்டையாக இருந்தால் அலையுமாம். பாலூட்டிகளில் ஜோடியாக வாழ்பவை நூற்றுக்குப் பத்துகூடத் தேறாது என்றான். அந்தக் கொஞ்சமும் ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டேன். பெண்கள் தூரம் தூரமாகச் சிதறி வாழ்ந்தால் ஓர் ஆணால் இரண்டு இடத்தில் காவல் காக்க முடியாது, அதனால் ஒருத்தியோடு நின்றுவிட்டது என்பது ஒரு கட்சியாம். நடக்கச் சோம்பல் என்று நானே சொல்லியிருப்பேன். அதற்கு இவ்வளவு படிப்பு.

இதையெல்லாம் சொன்னவன், தன் குழந்தைக்கு முதல் பல் முளைக்கும் முன்பே மனைவியை விட்டுவிட்டு, பக்கத்துக் கட்டிடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தியோடு போய்விட்டான். அவளுக்கும் சலித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மனைவி கதவைத் திறக்கவில்லை. நேரே என் கடைக்கு வந்து, நான் போய்ப் பேச வேண்டும் என்றான். மன்னிப்புக் கேட்டாயா என்றேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். தன் எச்சிலையே ஆராய்ச்சிக்கூடத்தில் சோதித்துப் பார்த்தானாம். அலைகிற ரகம் என்று வந்ததாம்.

"நான் என்னக்கா பண்றது? பொறக்கும்போதே இப்படி அமைஞ்சிருக்கு."

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவன் காய்ச்சல் சீட்டு கொண்டுவருகிற மாதிரி நின்றான். கூண்டு கூண்டாக எலியைப் பார்த்தவனுக்குக் கடைசியில் எலிதான் குலதெய்வம். ஆனாலும் போனேன். இவனுக்காக இல்லை, குழந்தைக்கு அப்பன் வேண்டுமே என்று.

அவன் மனைவிக்கும் அதே ஆராய்ச்சிக்கூடத்தில்தான் வேலை. மரபணுச் சோதனை மேஜை அவளுடையது. குழந்தையின் பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைச் சொன்னேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"புது மெஷின் வந்தா சரியா ஓடுதான்னு பாக்க எங்க எச்சிலத்தான் அண்ணி மொதல்ல போடுவோம். அவருக்கு என்ன வந்துச்சோ, எனக்கும் அதேதான் வந்துச்சு. நான் எங்க போனேன்? இங்க நின்னு புட்டி கழுவறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான், கொஞ்சம்.

எலிக்கே அது விதி இல்லை, சாய்வுதான் என்றாள். அந்தத் துணுக்கு நீளமாக இருந்தும் ஊர் மேய்கிற பிராணிகள் எத்தனையோ இருக்கின்றனவாம். அவனுக்கும் இது தெரியும், அவனே மேடையில் சொல்லியிருக்கிறான் என்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன்னு வந்து நின்னிருந்தா யோசிச்சிருப்பேன். சோதனத் தாளோட வந்தாரு பாருங்க, அதான்."

குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் திரும்பினேன்.

தம்பி கடை வாசலிலேயே காத்திருந்தான். அவளுக்கும் அதே ரகம்தான் என்று சொன்னேன். வெட்கப்படுவான் என்று நினைத்தேன். முகம் வெளிறிப்போயிற்று.

"அப்போ அவளும் யார்கூடயாவது போயிடுவாளா அக்கா?"

நான் வளர்த்த லட்சணம் இது.

"போனா உன்கிட்ட சீட்டு காட்டமாட்டாடா," என்றேன்.

அவள் போகவில்லை. கதவும் திறக்கவில்லை. இவன் இப்போது என் கடைக்குப் பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குழந்தையைப் பூங்காவுக்குக் கொண்டுவருகிறாள். பெஞ்சின் ஒரு நுனியில் அவள், மறுநுனியில் இவன். மன்னிப்பு என்ற சொல் இன்னும் இவன் வாயில் வரவில்லை.