நாலு மாதம் மிதிபட்ட கால்மிதி

என் அக்கா கால்மிதி செய்கிறவள். கேட்பவர்கள் "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவளுக்கு வராது. "மிதிக்கத்தானேடா செய்யறேன், தலையில வச்சுக்கவா சொல்றேன்?" என்பாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் அவள் தொழிற்சாலை. நடுவில் தறி, மூலையில் பருத்திக் கயிற்று உருண்டைகள், சுவரோரம் ரப்பர் சுருள்கள். அக்கா நெய்வாள். என் மனைவி ஓரம் மடித்துத் தைப்பாள். பக்கத்து வீட்டு அத்தை பிசிறு வெட்டுவாள். தெருவில் நடப்பதையெல்லாம் வந்து சொல்வதும் அவள் பொறுப்பு. தறி மட்டும் இன்னும் அக்காவுடையது ஆகவில்லை. சிறுதொழில் உதவித் திட்டத்தில் அரசாங்கம் கொடுத்தது அது. இரண்டு வருடத்துக்குள் ஓர் அரசு ஆர்டராவது பிடித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று நிபந்தனை. தறி போனால் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பாவத்துக்கு டெண்டர் காகித வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. முதல் தடவை விலைக் காகிதத்தைத் தனி உறையில் வைக்காமல் மற்றதோடு சேர்த்து ஒட்டிவிட்டேன். தள்ளுபடி. இரண்டாவது தடவை எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. எழுத்து இருக்கிற பக்கத்தில் மட்டும் போடு என்றேன். காலிப் பக்கமும் பக்கம்தானாம். அதுவும் தள்ளுபடி. நான் அந்த அலுவலகத்தைத் திட்டித் தீர்த்தேன். அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

தறிக்கான கெடு முடிய ஆறு மாதம் இருக்கும்போது மூன்றாவது டெண்டர் வந்தது. அரசு மருத்துவமனைகளுக்கு ஒரு வருடம் கால்மிதி. இதை விட்டால் வேறு கிடையாது. இந்த முறை விதிமுறைகளை அக்காவே வரி வரியாகப் படித்தாள். காலிப் பக்கங்களில் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள். மாதிரிக்கு ஒரு கால்மிதி கொடுக்க வேண்டும், அதில் டெண்டர் எண் இருக்க வேண்டும் என்றிருந்தது. மற்றவர்கள் சீட்டு எழுதி ஒட்டினார்கள். இவள் ஒரு துணித்துண்டில் சிவப்பு நூலால் எண்ணைத் தைத்து, அந்தத் துண்டை அடிப்பக்கத்தில் வைத்து நாலு ஓரமும் தைத்தாள்.

"ஒரு நம்பருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றேன்.

"சீட்டு நனைஞ்சா போச்சு. கால்மிதின்னா நனையாம இருக்குமாடா?"

கொடுத்துவிட்டு வந்தோம். நாலு மாதம் பேச்சு மூச்சில்லை. மழைக்காலமே முடியப்போகிற சமயத்தில், மாதிரிகளைக் குழு பார்வையிடுகிறது, வரவும் என்று கடிதம் வந்தது.

அன்றும் மழை. அலுவலக வாசலில் அக்கா சட்டென்று நின்றாள். பிறகு காலை அகல வைத்து எதையோ தாண்டி உள்ளே போனாள். எனக்கு அவசரம், கீழே பார்க்காமலே செருப்பைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தோம். குழுவில் இருந்த மூன்று அதிகாரிகளும் ஒவ்வொருவராக வந்து, கால் துடைத்து, உள்ளே போனார்கள். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். மேஜையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத இரண்டு கால்மிதிகள். எங்களுடையது இல்லை. எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார்.

"மூணாவது வந்ததா பதிவு இருக்கு மேடம், ஆனா பொருளைக் காணோம். மாதிரி இல்லாம மார்க் போட முடியாது. தள்ளுபடின்னு எழுதிக்கலாம்."

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. "வாங்கி வச்சதே நீங்கதானே சார்!" என்று எழுந்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"காணாமப் போகலைங்க. வாசல்ல கிடக்கு. நீங்க எல்லாரும் அதுல கால் துடைச்சுட்டுத்தான் உள்ள வந்தீங்க."

குழுத் தலைவி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். மற்ற இருவரும் பார்த்தார்கள். நானும் என்னுடையதைப் பார்த்துக்கொண்டேன்.

துப்புரவு வேலை பார்க்கும் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா அசரவில்லை. "மூலையில சும்மா கிடந்துச்சு. இங்க வாசல்ல ஆளாளுக்கு வழுக்கி விழுந்தாங்க. எடுத்துப் போட்டேன். நாலு மாசமா ஒருத்தர் விழல" என்று சொல்லிவிட்டு, கால்மிதியைக் கொண்டு வந்து மேஜையிலேயே கவிழ்த்துப் போட்டார். சேறு படிந்த துணியில் சிவப்பு நூல் எண், ஓர் இலக்கம்கூடக் குறையாமல் இருந்தது.

எழுத்தர் விடுகிற ஆள் இல்லை. "உபயோகிச்ச மாதிரியை ஏத்துக்கக் கூடாது மேடம். ரூல்."

"யாரு உபயோகிச்சது?" என்று கேட்டார் தலைவி.

எழுத்தர் மறுபடி பதிவேட்டைப் புரட்டினார்.

"நாமதானே? நம்ம தப்புக்கு அவங்களைத் தள்ளினா மேலிடத்துக்குப் பதில் எழுதப் போறது நான். மூணையும் சோதிங்க."

மூன்றையும் நனைத்தார்கள், பிழிந்தார்கள், ஓரத்தைப் பிடித்து இழுத்தார்கள். ஒன்று சாயம் விட்டது. இன்னொன்றின் ஓரம் பிரிந்து கையோடு வந்தது. எங்களுடையதை எழுத்தரே இழுத்தார், இரண்டு கையாலும், பல்லைக் கடித்துக்கொண்டு. என் மனைவி போட்ட தையல் அசையவில்லை.

வெளியே வந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "வரும்போதே பாத்துட்டே, இல்ல? ஏன் அப்பவே சொல்லல?"

"குழு இன்னும் வரலையே. அவங்களும் மிதிச்சுப் பாக்கட்டும்னு இருந்தேன்."

இரண்டு வாரத்தில் ஆர்டர் கடிதம் வந்தது. அத்தை அதைத் தெருக்கோடி வரை கொண்டுபோய்க் காட்டினாள். தறி இனி எங்கேயும் போகாது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. அக்கா மட்டும், "கயிறு பத்தாது, இன்னிக்கே சொல்லணும்" என்றாள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போனோம். மாதிரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று விதியில் இருந்ததால் அந்தத் துப்புரவு அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் தர முடியாது தம்பி, வேற வேலையைப் பாருங்க" என்று கழுவிய கால்மிதியை மறுபடி வாசலில் விரித்துவிட்டுப் போனார்.

அக்கா அதன் முன்னால் நின்றாள்.

"இன்னிக்கும் தாண்டப் போறியா?" என்றேன்.

"அன்னிக்கு அது பரீட்சைக்கு வந்திருந்துச்சு. மிதிக்க மனசு வரல."

அன்று மழை இல்லை, காலில் தூசிகூட இல்லை. அக்கா இரண்டு காலையும் மாற்றி மாற்றி, அவசரப்படாமல், அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.